கிடாய்க்கு ஒரு நியாயம், மகளுக்கு ஒரு நியாயம்

வாடா தம்பி, வா. வெத்தலை பாக்கோட வந்திருக்க. அப்ப சங்கதி பெருசுதான். திண்ணையில உக்காரு. உன் மூஞ்சியே பரிசம் போட்ட மூஞ்சியா இருக்கு.

மகளை மச்சினனுக்கே முடிச்சிரலாம்னு பேச்சாமே? சந்தோசம். தாய்மாமன் உரிமை, கேட்டா குடுக்கத்தான் வேணும். இல்லைன்னா நாளைக்குப் பந்தல்ல வந்து மல்லுக்கு நிப்பான். தோட்டம் வெளிய போகாது, நகை வெளிய போகாது. உன் மாமியாவுக்குப் பேத்தியே மருமக. சண்டைக்குப் புது ஆள் தேட வேண்டியதில்லை. காதுகுத்துல இந்த மாமன் மடியிலதான் உக்காந்திருந்தா உன் மக. ஆசாரி ஊசியை எடுத்ததும் பயந்து, அவன் புது வேட்டியை நனைச்சுப்புட்டா. நான் பக்கத்துலதான் நின்னேன். அந்த வேட்டி இன்னும் இருந்தா தாலி கட்டவும் அதையே கட்டிக்கச் சொல்லு. வேட்டியும் வெளிய போகாது.

ஒரே ஒரு சந்தேகம். ஆட்டுக் கிடாயை ஏன் வித்த? கொம்பும் திமிருமா என்ன கிடா அது! நீ என்ன சொன்ன? "அது போட்ட பெட்டைக் குட்டியெல்லாம் பருவத்துக்கு வந்திருச்சு பெரியப்பா, இதுவே மறுபடி சேந்தா குட்டி நோஞ்சானாப் போகும்"னு சொன்ன. திருமங்கலம் சந்தைக்குப் போயி வேற கிடா பிடிச்சிட்டு வந்த. நானும் மாட்டாஸ்பத்திரியில டாக்டருக்குக் கூடமாட நின்னவன்தான். சினை ஊசி போடுறப்ப எந்தக் காளைன்னு நோட்டுல நம்பர் எழுதுவோம். அப்பன் காளையோட ஊசியே அது பெத்த கிடேரிக்கும் போயிரக் கூடாதுல்ல, அதுக்கு. ஆட்டுக்குப் பாக்குறதை வீட்டுக்குப் பாக்கலையேன்னு கேட்டா நீ கோவிச்சுக்குவ. அதனால நான் கேக்கலை.

டிஎன்ஏன்னு டிவியில கொலைக் கேசுல கேட்டிருப்ப. கொலை பண்ணாதவன் உடம்புலயும் அது இருக்கு. செல்லுக்குள்ள சுருட்டி வச்ச நூல். நாலே எழுத்து, மாத்தி மாத்தி 300 கோடி எழுதியிருக்கு. அதுவும் ரெண்டு பிரதி, ஆத்தாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பன்கிட்ட இருந்து ஒண்ணு. அதுல அங்கங்க ஜீன், சுமாரா 20,000. இன்ன புரதத்தை இப்படிச் செய்யின்னு ஒவ்வொண்ணும் உடம்புக்குச் சொல்லுது. முன்பின் தெரியாத ரெண்டு பேரை எடுத்து ஒப்பிட்டாலும் ஆயிரம் எழுத்துக்கு ஒண்ணுதான் மாறியிருக்கும். உனக்கும் உன்கூட வரப்புத் தகராறு பண்றவனுக்கும் அம்புட்டுத்தான் வித்தியாசம். வக்கீலுக்கு இது தெரிஞ்சா பீசைக் குறைப்பாரான்னு கேட்டுப் பாரு.

பிள்ளைக்குப் பிள்ளை ஒரு அறுபது எழுபது எழுத்து புதுசா மாறும். அதுல பெரும்பங்கு அப்பன் பக்கமிருந்து வருது. அவனுக்கு வயசு ஏற ஏற அதுவும் ஏறும். குறையா ஒரு பிள்ளை பிறந்துட்டா ஆத்தாளைக் கரிச்சுக் கொட்டுற கிழவிக காதுல இதைப் போட்டு வை. மாறுனதுல பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. சிலது மட்டும் ஜீனைக் கெடுத்துரும். கெட்டாலும் வெளிய தெரியாது, இன்னொரு பிரதி நல்லா இருந்தா வேலை ஓடிரும். நீ, நான், நாட்டாமை, பொருத்தம் பாத்த ஜோசியரு, எல்லாருமே இப்படிக் கொஞ்சம் கெட்டதை உள்ள வச்சுக்கிட்டுத்தான் வெள்ளையுஞ்சொள்ளையுமாத் திரியுறோம்.

காதையே எடுத்துக்க. ஜிஜேபி2ன்னு ஒரு ஜீன். பிறவிச் செவிடுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு 1997ல கண்டுபிடிச்சாங்க. உள்காதுல ஒரு செல்லுல இருந்து பக்கத்துச் செல்லுக்குச் சத்து போற வாசலை அதுதான் கட்டுது. ஒரு பிரதி கெட்டவனுக்குக் காது கணீர்னு கேக்கும். ரெண்டும் கெட்டுப் பிறந்த பிள்ளைக்கு ஆத்தா தாலாட்டுகூட விழாது.

இப்ப விரலை மடக்கு. உன் மாமனாருக்கு அதுல ஒரு பிரதி கெட்டிருக்குன்னு வச்சுக்க. சும்மா கணக்குக்குத்தான், எழுந்து அவருகிட்டப் போய்ச் சொல்லிறாத. அது உன் பொண்டாட்டிக்கு வந்திருக்க ரெண்டுல ஒரு வாய்ப்பு. அவகிட்ட இருந்து உன் மகளுக்கு மறுபடி ரெண்டுல ஒண்ணு. ஆக நாலுல ஒண்ணு. மச்சினன் மாமனாருக்கு நேரா பிறந்தவன், அவனுக்கும் ரெண்டுல ஒண்ணு. ரெண்டு பேருகிட்டயும் இருக்க எட்டுல ஒண்ணு. இருந்துட்டா, பிறக்குற ஒவ்வொரு பிள்ளைக்கும் ரெண்டு கெட்டதும் சேர நாலுல ஒண்ணு. பெருக்குனா 32ல ஒண்ணு. அதே மகளை அசலூருல குடு. அங்க நூறு பேருல ஒருத்தருக்கு அந்தக் கெட்ட பிரதி இருக்குன்னு வச்சாலும் கணக்கு 1600ல ஒண்ணாப் போயிரும். பால் சொசைட்டியில பத்துக் காசு குறைஞ்சா செயலாளரோட மல்லுக் கட்டுறவன் நீ. இந்தக் கணக்கை மட்டும் ஏன் ஜோசியருகிட்ட விட்ட?

நீ என்ன சொல்லுவன்னு எனக்குத் தெரியும். "பங்காளி வீட்டுலயா எடுக்குறோம் பெரியப்பா? அது அண்ணன் தங்கச்சி முறை. மாமன் வேற குலம், வேற ரத்தம்." அடேய், அதுதாண்டா நம்ம பெரியவங்க போட்ட கணக்குல இருக்கிற ஓட்டை. குலம் அப்பன் வழி மட்டும் ஓடுது. உடம்புக்குள்ள அப்படி ஆம்பளை வழி மட்டும் ஓடுறது ஒய் குரோமோசோம்ங்கிற நூல் ஒண்ணுதான், 46 நூல்ல ஒண்ணு. பாக்கி எல்லாம் ஆத்தா அப்பன் ரெண்டு பக்கமும் கலந்து வருது. ஆறு தலைமுறைக்கு முன்ன பிரிஞ்ச பங்காளி வீட்டுப் பையன் ஒருத்தனைச் சொன்னா "சிவ சிவா"ன்னு கன்னத்துல போட்டுக்குவ. அவனும் உன் மகளும் பங்கு போட்டுக்கிறது ஆயிரத்துல ஒண்ணுகூடத் தேறாது. தாய்மாமனோட நாலுல ஒரு பங்கு அப்படியே ஒண்ணு. அது உனக்கு அசல்!

சித்தப்பா மகன்னா தங்கச்சி, தலை குனிஞ்சு போற. மாமன் மகன்னா முறைப்பொண்ணு, சீட்டி அடிச்சுட்டுப் போற. ஜீன் கணக்குல ரெண்டு பேரும் எட்டுல ஒரு பங்குதான். முறை பாத்து ஒதுங்கிப் போகிற மரியாதை ஜீனுக்குத் தெரியாது.

இது நம்ம ஊரு மட்டும் செஞ்ச கூத்துன்னு நினைச்சுறாத. இங்கிலாந்துல டார்வின்னு ஒருத்தரு. உசுருங்க எப்படி மாறி மாறி வருதுன்னு உலகத்துக்கே பாடம் எடுத்த மனுசன். கல்யாணம் பண்ணலாமா வேண்டாமான்னு ஒரு காகிதத்துல லாபம் ஒரு பக்கம், நட்டம் ஒரு பக்கம் எழுதிப் பாத்தாரு. நாய் வளக்குறதுக்கு இது தேவலைங்கிற மாதிரிகூட அதுல வருது. கடைசியில 1839ல யாரைக் கட்டுனாரு தெரியுமா? எம்மாங்கிற பொண்ணை. யாரு அவ? ஆத்தாளோட கூடப்பிறந்த தம்பி மக. சுத்தமான முறைப்பொண்ணு! அதுக்கு ரெண்டு வருசம் முன்னாடிதான் அவரு அக்கா கரோலைன் எம்மாவோட அண்ணனைக் கட்டியிருந்தா. பொண்ணைக் குடுத்துப் பொண்ணை எடுத்த சம்பந்தம்டா! எம்மா வீட்டாரு வெட்ஜ்வுட் பீங்கான் கம்பெனிக்காரங்க. அங்கயும் சொத்து வெளிய போகலை. உசிலம்பட்டியில பிறந்திருக்க வேண்டிய மனுசன்.

பத்துப் பிள்ளைக. மூணு சின்ன வயசுலயே போயிருச்சு. செல்ல மக ஆன்னி 1851ல பத்து வயசுல செத்தா. அது காசநோயா இருக்கலாம்னு இப்ப சொல்றாங்க. ஆனா சொந்தத்துல கட்டுனதாலயோன்னு டார்வினுக்கு உள்ளுக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்துச்சு. செடிகளைத் தொட்டியில வச்சு, தன் மகரந்தத்தையே தனக்குப் போட்டதையும் வேத்துச் செடி மகரந்தம் போட்டதையும் வருசக்கணக்கா அளந்தாரு. பெரும்பாலும் தனக்குத்தானே சேந்தது சவலையாத்தான் வந்துச்சு. 1876ல அதைப் புத்தகமாவே போட்டாரு. அதுக்கு முன்னாடி 1871 ஜனத்தொகைக் கணக்குல, அத்தை மாமன் மக்களைக் கட்டுனீங்களான்னு ஒரு கேள்வி சேக்கச் சொல்லி ஆளைப் பிடிச்சுக் கேட்டாரு. பார்லிமெண்டு முடியாதுன்னுருச்சு. வீட்டு விசயத்துல மூக்கை நுழைக்காதேங்கிறது எல்லா ஊரு பெருசுகளுக்கும் பொது.

"மத்த பிள்ளைக என்ன ஆச்சு?"ன்னு கேக்குற. கேளு கேளு, உனக்குச் சாதகமாத்தான் இருக்கும். மூணு பசங்க விஞ்ஞானத்துல பேரெடுத்து சர் பட்டம் வாங்குனாங்க. நான் மறைக்கலை. சொந்தத்துல கட்டுனவங்க பிள்ளைகள்ல பெரும்பாலானது நல்லாத்தான் பிறக்கும். அசல்ல கட்டுனாலும் நூத்துக்கு ரெண்டு மூணு பிள்ளைக்குப் பிறவிக் குறை வரும். மாமன் மக, அத்தை மகன்னா அதுமேல இன்னும் ரெண்டு மூணு கூடும். தாய்மாமனே கட்டுனா அதைவிடக் கூடும், ஏன்னா பங்கு ரெட்டிப்பு. அம்புட்டுத்தான். ஆனா நூத்துல அந்த ரெண்டு மூணு யாரு வீட்டுத் தொட்டில்ல விழும்னு சீட்டு குலுக்கிச் சொல்ல ஆளில்லை.

லண்டன்ல கேரட்னு ஒரு டாக்டரு இருந்தாரு. சில பிள்ளைகளுக்கு மூத்திரம் வச்சுட்டா கொஞ்ச நேரத்துல கறுத்துப் போகும், துணியெல்லாம் கறை. ஆத்தா சரியாத் துவைக்கலைன்னு விட்டுறாம, அந்தப் பிள்ளைகளோட ஆத்தா அப்பன் யாருன்னு விசாரிச்சாரு. கணிசமான பேரு அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி மக்கள், ஒருத்தரை ஒருத்தர் கட்டுனவங்க. 1902ல எழுதி வச்சாரு. பட்டாணிச் செடியில மெண்டல்ங்கிறவரு 1866லயே சொன்ன விதி மனுசன் நோய்க்கும் பொருந்தும்னு அங்கதான் முதல்ல பிடிபட்டுச்சு. ரெண்டு கெட்ட பிரதி ஒண்ணு சேர்ற இடம் சொந்தத்துக் கல்யாணம்னு ஒரு குழந்தைத் துணியிலருந்து கண்டுபிடிச்சிருக்கான் பாரு.

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேப்ப. 1955 இந்து திருமணச் சட்டம் மாமன் மருமகளைக் கட்டக் கூடாதுங்குது. அடுத்த வரியிலயே வழக்கம் இருந்தா சரிங்குது. முன் வாசலைப் பூட்டிட்டுக் கொல்லையைத் திறந்து விட்ட சட்டம். அதான் 2019-21 கணக்கெடுப்புலயும் நம்ம தமிழ்நாட்டுல நூறு கல்யாணத்துல 28 சொந்தத்துலதான். நாட்டுலயே நாமதான் முதல். இதுக்குக் கப்பு எதுவும் குடுக்குறாங்களான்னு தெரியலை.

இந்தா, வெத்தலையைப் போடு. வாய் காஞ்சு போச்சு உனக்கு.

"அப்ப நம்ம ஆளுகள்லயே தள்ளி ஒரு இடமாப் பாக்குறேன்"னு சொல்லப் போற. பாரு, நல்லதுதான். அதுலயும் ஒரு சின்னச் சிக்கல். ஐதராபாத்துல சிசிஎம்பின்னு ஒரு ஆராய்ச்சி நிலையம். அவங்களும் அமெரிக்காக்காரங்களும் சேந்து நம்ம பக்கத்துச் சாதி, பழங்குடிக ரத்தத்தைப் பாத்தாங்க. ரெண்டாயிரம் வருசம் முன்னாடி வரைக்கும் எல்லாரும் எல்லாரோடயும் கலந்துக்கிட்டு இருந்திருக்காங்க. அப்புறம்தான் கதவைச் சாத்தியிருக்கோம். 2017ல 263 கூட்டத்தைப் பாத்ததுல 81 கூட்டம், கொஞ்சம் பேருல ஆரம்பிச்சு தனக்குள்ளயே கட்டிக் கட்டிப் பெருகுனது. அதுல பத்து லட்சம் பேருக்கு மேல உள்ள சாதிகளும் உண்டு. எல்லாரும் தூரத்துச் சொந்தம்தான், பத்திரிகை அடிக்க மறந்துட்டாங்க.

அப்படித் தனக்குள்ளயே கட்டுற வைசிய சமூகத்துல ஒரு சங்கதி உண்டு. ஆபரேசனுக்குத் தசையைத் தளர்த்த சக்சினைல்கோலின்னு ஒரு மருந்து போடுவாங்க. நமக்கு அது சில நிமிசத்துல தெளிஞ்சிரும். அந்தச் சமூகத்துல சிலருக்கு அதை முறிக்கிற நொதியே உடம்புல இல்லை. மணிக்கணக்கா மூச்சு விடாம கிடப்பாங்க, மிசின்தான் மூச்சு விடணும். விவரம் தெரிஞ்ச மயக்க டாக்டரு முதல்லயே விசாரிச்சுட்டு வேற மருந்து போடுவாரு. ஒருத்தர் சாதி கேக்குறதுல ஒரு பிரயோசனம் இருக்குன்னா எனக்குத் தெரிஞ்சு அந்த டாக்டரு கேக்குறதுதான்.

சரி, நீ முடிவு பண்ணிட்டன்னா நான் மறிக்கப் போறதில்லை. ரெண்டு காரியம் செய்யி. பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரையும் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயி ஹெச்பிஏ2 பாக்கச் சொல்லு. தலசீமியாவுக்கான ரத்தப் பரிசோதனை. நம்ம நாட்டுல நூத்துக்கு மூணு நாலு பேருகிட்ட அந்தப் பிரதி சத்தமில்லாம இருக்கு. அசல்ல கட்டுனாலும் இது பாக்கணும். பிள்ளை பிறந்தா முதல் மாசமே காது சோதனை பண்ணிரு. கோயில் கோயிலா அலைஞ்சு மூணு வயசுல போயி நிக்காத. காதுக்குள்ள கருவி வைக்கிற ஆபரேசனுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல வழி இருக்கு, சீக்கிரம் வச்சாத்தான் பேச்சு வரும்.

மூணாவதா ஒண்ணு, மறந்தே போனேன். உன் மகளைக் கேட்டியா? ஜோசியரைக் கேட்ட, மாமியாவைக் கேட்ட, என்னைக்கூடக் கேட்டுட்ட. "அவளை என்ன கேக்குறது, மாமாங்கிற பாசம் இருக்கு"ங்கிற. பாசம் எனக்கும் உன்மேல இருக்குடா, அதுக்காக உன்கூடக் குடித்தனமா நடத்த முடியும்?

மச்சினனுக்கு வேற பொண்ணு வேணும்னா சொல்லு. திண்டுக்கல் பக்கம் ஒரு இடம் இருக்கு. நல்ல குடும்பம், பொண்ணு நர்சு படிச்சிருக்கு, ரத்தப் பரிசோதனையெல்லாம் அதுவே பாத்துக்கும். என்ன சாதின்னு கேக்க வாயைத் திறக்குற பாரு, அந்த வெத்தலைச் சாறு வேட்டியில ஒழுகுது, முதல்ல துடை.