பழமை மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதிதாக ஒரு ரிசார்ட் கட்டப்போகிறீர்களா? மகிழ்ச்சி. போன மாதம் போட்ட கான்கிரீட்டுக்கு நூறாண்டு வாசனை வேண்டுமென்று ஆசைப்படுவீர்கள். கவலையை விடுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒரு நடை போய் வாருங்கள். தூண், நிலை, கதவு, உத்தரம், போதிகை, கிராதி, பெட்டகம், ஊஞ்சல் பலகை, எனாமல் தூக்கு, ரசம் போன நிலைக்கண்ணாடி, கோட்டும் தலைப்பாகையுமாக முறைத்துக்கொண்டு நிற்கும் யாரோ ஒருவருடைய தாத்தாவின் புகைப்படம் வரைக்கும் கிடைக்கும். தாத்தா கொஞ்சம் மலிவு. வாங்கி வரவேற்பறையில் மாட்டிவிட்டால் வருகிறவர்கள் உங்கள் தாத்தா என்றே நினைத்துக்கொள்வார்கள். அவரும் மறுக்கப்போவதில்லை.

வாசலில் நான்கு பர்மாத் தேக்குத் தூண்களை நிறுத்துங்கள். அவை எதையும் தாங்க வேண்டியதில்லை. தொண்ணூறு வருஷம் ஓட்டுக் கூரையைச் சுமந்தவை, இனி உங்கள் விளம்பரத்தைச் சுமந்தால் போதும். தரைக்கு ஆத்தங்குடிக் கல், சுவருக்கு மஞ்சள் பெயின்ட், கழிப்பறைக் கதவுக்குக் கஜலட்சுமி செதுக்கிய நிலை. பாரம்பரியத்தைக் காப்பாற்றிவிட்டதாக ஏதாவது ஒரு பத்திரிகை உங்களைப் பேட்டி எடுக்கும்.

இந்தக் காப்பாற்றலுக்கு முன்பு ஒரு சின்ன வேலை மட்டும் பாக்கியிருக்கிறது. எங்கேயோ ஒரு ஊரில் ஒரு வீட்டை உடைத்தாக வேண்டும்.

செட்டிநாட்டு வீட்டை உடைப்பது லேசான காரியமில்லை. சுண்ணாம்போடு கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பூசிய சுவர் அது. முதலில் ஓட்டை இறக்குவார்கள். அடுத்தது மரம்: வளவைச் சுற்றி நிற்கும் தூண்கள், மேலே ஓடும் உத்தரங்கள், அறைக் கதவுகள். இவை லாரி ஏறிய பிறகு மிச்சமிருப்பது சுவர். அதற்கு விலையே இல்லை, ஜேசிபி பார்த்துக்கொள்ளும். வீட்டைக் கட்டியவர்களின் மூளை முழுக்க அந்தச் சுவரிலும் தரையிலும்தான் இருந்தது. சித்திரை வெயிலை வெளியே நிறுத்திய தடிமன், கூரையில் விழுந்த மழையை முற்றத்துக்கு இறக்கி அண்டாவில் பிடித்த சரிவு, முகப்பில் நுழைந்த காற்று பின்கட்டு வரை தடையில்லாமல் ஓடிய நேர்கோடு. இவற்றைக் கழற்றி விற்க முடியாது என்பதால் செங்கல் தூளாக்கி யாரோ ஒருவருடைய மனையின் பள்ளத்தை நிரப்புகிறார்கள். ரிசார்ட்டுக்குப் போன தூண்களுக்கு நடுவில் ஏசி மாட்டுகிறார்கள்.

உடைக்கிறவரைத் திட்டிப் பயனில்லை, அவர் கூலிக்கு வந்தவர். வீட்டுக்காரர்கள் இருக்கிறார்களே, பங்காளிகள்! ஒரு வீட்டுக்கு முப்பது, நாற்பது புள்ளி. ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அடையாற்றில், ஒருவர் டல்லாஸில், ஒருவர் அதே ஊரில் யாரோடும் பேச்சுவார்த்தை இல்லாமல். மழைக்கு முன்னால் ஓடு மாற்ற வேண்டும், ஆளுக்கு இவ்வளவு என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பாருங்கள். கும்பிடு போடும் பொம்மை நாலு வரும், அதோடு சரி. விற்றுவிடலாமா என்று கேளுங்கள். டல்லாஸ்காரர் தூக்கத்திலிருந்து எழுந்து பதில் போடுவார். இதற்கு நடுவில் தன் பங்குக்கு மேல் செலவழித்து ஒழுகலை அடைத்து, அதற்காகவே மற்றவர்களின் சந்தேகத்தையும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் அண்ணன்மார்களும் ஆச்சிமார்களும் ஊருக்கு இரண்டொருவர் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை, கூரை வேலையைப் பார்க்கட்டும்.

‘முன்னோர் சொத்து’ என்று தொண்டை அடைக்கிறவர்களுக்கு ஒரு பழைய பேரேட்டையும் காட்ட வேண்டியிருக்கிறது. 1930இல் உலகமே மந்தத்தில் விழுந்து நெல் விலை சரிந்தபோது, கடனைக் கட்ட முடியாத பர்மிய உழவர்களின் நிலம் அங்கே நம் செட்டியார்கள் நடத்திய வட்டிக் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் நெல் வயலில் சுமார் நான்கில் ஒரு பங்கு செட்டியார்கள் பெயரில் இருந்தது. 1942இல் ஜப்பான் படை நுழைந்தது, பிறகு சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கியது. பணம் வருவது நின்றது, வீடுகள் மட்டும் நின்றன. தூண்களில் பல இந்த மந்தத்துக்கு முன்பே கப்பலேறி வந்தவைதான். ஆனாலும் அவற்றை வாங்கிய காசும் இதே தொழிலின் வட்டிக் காசு. ‘கதை சொல்லும் தூண்கள்’ என்று விளம்பரம் போடுகிறீர்கள். அந்தக் கதையை முழுசாகச் சொல்லவிட்டால் விருந்தினருக்குக் காலை இட்லி இறங்காது.

அரசு சும்மா இருந்துவிட்டது என்று சொன்னால் பாவம். 2012இல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வந்தது 2024இல். குறிஞ்சி ஒரு சுற்றுப் பூத்து முடிக்கும் காலம். சட்டம் மொட்டு விட்டுக்கொண்டிருந்த அந்தப் பன்னிரண்டு வருஷமும் கடப்பாரைக்கு ஒரு நாள் விடுமுறை இல்லை. இதற்கு நடுவே 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறிவிட்டன. உலகம் கவனிக்கத் தொடங்கிவிட்டது என்று நாம் கைதட்டினோம். பழைய சாமான் வியாபாரியும் கைதட்டியிருப்பார், அவருக்கு விலையை ஏற்ற ஒரு காரணம் கிடைத்தது.

வீட்டை உடைக்காமல் அப்படியே ஹோட்டலாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். எவ்வளவோ மேல். கூரை ஒழுகாது, கரையான் அண்டாது, கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் வேலை கிடைக்கும், சில இடங்களில் பழுதில்லாமல் நேர்த்தியாகவே செய்திருக்கிறார்கள். அந்த அளவோடு நிறுத்திக்கொண்டால் நமக்கும் சண்டையில்லை. ‘சமூகத்துக்கே புத்துயிர்’ என்று மைக்கைப் பிடிக்கிறார்களே, அங்கேதான் கோபம் வருகிறது. எந்தச் சமூகத்துக்கு ஐயா?

இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிறவை. முன்வாசலில் திண்ணை, கணக்கப்பிள்ளை, மரியாதை. பின்வாசலில் விறகு, சாணி, நெல் குற்றுகிற பெண்கள், சாதி. பின்வாசலில் நின்றவர்களுக்கு முகப்பின் சித்திர வேலைப்பாடு எப்படியிருக்கும் என்றே தெரியாது. இன்றைக்கு அதே முன்வாசலில் வெளியூர் விருந்தினருக்குச் சந்தனமும் மாலையும் இளநீரும். அதே பின்வாசலில் ‘பணியாளர் வழி’ என்று ஒரு பலகை. நிலை போயிருக்கலாம், ஓடு மாறியிருக்கலாம், பூச்சு பெயர்ந்திருக்கலாம். புனரமைப்பில் எதை ஒரு நூலிழை பிசகாமல் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா?

ஊர்க்காரர்களுக்கு இதில் இடமே இல்லை என்று சொல்ல முடியாது. மாட்டு வண்டி ஓட்டலாம். முறுக்கு சுற்றிக் காட்டலாம். நடைப்பயணம் வரும் கூட்டத்துக்குச் சிரித்துக்கொண்டே குறுக்கே நடந்து போகலாம். உள்ளே வந்து உட்காருவதுதான் முடியாது. அறை வாடகையைக் கேட்டால் அந்தத் தெருவே எழுந்து நிற்கும்.

அகலமான கூடம், தடித்த சுவர், காற்று, வெளிச்சம், நடுவில் வானம் தெரிகிற முற்றம். ஒரு நூலகத்துக்கு, மாணவியர் விடுதிக்கு, தாய்சேய் நலவிடுதிக்கு, நெசவுக்கூடத்துக்கு, ஆத்தங்குடிக் கல் பதிக்கும் கையைப் பழக்கும் பட்டறைக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? இந்த யோசனையை விமானத்தில் வந்து யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். வீடு முழுக்க அச்சடித்த தாளாகச் சேர்த்தார்: பழைய நூல், இதழ், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சுமார் லட்சம் உருப்படி. 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் நூலகம் அமைந்தது. மட்கிப்போகாமல் காத்தவர்களைக் கும்பிட வேண்டும். ஆனால் ஆயிரக்கணக்கில் மாளிகைகள் பூட்டிக் கிடந்த வட்டாரத்தில் அந்தத் தாள்களுக்கு ஒரு கூடம் கிடைக்கவில்லை. அமெரிக்காக்காரன் வந்து விலை கேட்கும்வரை சாவி வைத்திருந்த எவருக்கும் புத்தகம் தேவைப்படவில்லை. இதே மண்ணில்தான் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் தூக்கிக் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தைக் காரைக்குடிக்கு வரவழைத்தார். இப்போது பூட்டிய வீட்டின் ஒரு பத்துக்குப் பத்தடி அறையைப் பள்ளிப் பிள்ளைகள் மாலையில் உட்கார்ந்து படிக்கக் கேட்டுப் பாருங்கள், வக்கீல் நோட்டீஸ் வரும். பங்காளிகள் நாற்பது பேரும் ஒற்றுமையாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பும் இரண்டாவது காகிதம் அதுவாக இருக்கும்.

முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்திலும் ஒரு செட்டிநாட்டு வீடு பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தப்பட்டிருக்கிறது. பெயர்த்து வந்தது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. ரிசார்ட்டில் நிற்கும் தூணுக்கு ஊர் உண்டா, ரசீது உண்டா? மேலாளரைக் கேளுங்கள். ‘ஆன்டிக் சார்’ என்பார். அதுதான் அதன் ஊர், பேர், கோத்திரம் எல்லாம்.

கேட்கச் சட்டம் இல்லாமலில்லை. தொல்பொருள்கள், கலைக் கருவூலங்கள் சட்டம் 1972இலேயே வந்துவிட்டது. சிலையையும் ஓவியத்தையும் மட்டும் அது தொல்பொருள் என்று சொல்லவில்லை. நூறாண்டுக்குக் குறையாத வயதுள்ள, ஒரு கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த எந்தப் பொருளையும் அப்படித்தான் சொல்கிறது. அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனி ஆள் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. செட்டிநாட்டு வீடுகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 1940களுக்கும் இடையில் எழுந்தவை. கணக்குப் போடுங்கள். 1925இல் நட்ட தூண் 2024 வரை வெறும் மரச்சாமான், 2025இல் தொல்பொருள். இன்னும் வயதுக்கு வராத வீடுகள் நிறைய இருக்கின்றன, ஆகவே சட்டத்துக்கு அஞ்சும் வியாபாரிகள் சீக்கிரம் உடைத்துக்கொள்வது உத்தமம். அஞ்சாதவர்கள் நிதானமாகவே செய்யலாம். தூணைத் தட்டிப் பார்த்து வயது கேட்க எந்த அதிகாரி ரிசார்ட்டுக்கு வரப்போகிறார்? வந்தாலும் குடும்பத்தோடு வருவார், அரசு ஊழியருக்கு அறை வாடகையில் சலுகை உண்டா என்று கேட்பார். இல்லையென்று சொல்லிவிடாதீர்கள்.