ஒக்கே, ஓகே

மூன்று வருடமாகக் கொழிஞ்சாம்பாறையில் குடியிருக்கிறேன். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் டீக்கடை, மளிகைக்கடை, கோயில் எங்கும் தமிழே போதும். அதனால் என் மலையாளம் வளரவேயில்லை. அந்த வளராத மலையாளத்தோடு பாலக்காடு டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் காரைக் கொண்டுபோனேன்.

கார் ஆல்டோ. வயது பதிமூன்று. ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் ஊரைக் கூட்டும், வண்டி மட்டும் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கும். மெக்கானிக் சேட்டன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கி, "கிளட்ச் போயி. ஒக்கே மாற்றணும்" என்றார். நான் "ஓகே ஓகே" என்றேன். மலையாளத்தில் ஒக்கே என்றால் 'எல்லாம்' என்பது வீட்டுக்கு வந்தபின் பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. எல்லாவற்றையும் மாற்றணும் என்றவரிடம் "எல்லாம் எல்லாம்" என்று இரண்டு தடவை தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

அதோடு விட்டாரா? "கொறச்சு பைசா ஆவும்" என்றும் சொல்லியிருந்தார். குறைச்சுத்தான் ஆகும் என்கிறாரே, நல்ல மனுஷன் என்று நினைத்தேன். அந்தக் கொறச்சுக்குக் கொஞ்சம் என்று பொருளாம். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று சீட்டில் எழுதியிருந்தது: சாமான் 4,200, பணிக்கூலி 3,500.

சாமான் விலையை நான் ஏறிட்டும் பார்க்கவில்லை. டப்பாவில் எம்.ஆர்.பி. அச்சடித்திருக்கிறது, அச்சடித்ததை எதிர்த்துப் பேசுவது நம் வழக்கமில்லை. கூலிக்கு எம்.ஆர்.பி. கிடையாது. ஆகவே நம் மொத்த வீரமும் அங்கேதான். போடியில் இருக்கும் மச்சினனுக்கு போன் போட்டேன். அவன் ஏலக்காய் வியாபாரி, காருக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை, எனவே உறுதியாகப் பேசினான். "லேபர் ஆயிரத்து ஐநூறுக்கு மேல ஒரு பைசா குடுக்காதீங்க மாமா."

ஆபீசில் இன்னொருவர், "வாளையாறைத் தாண்டிக் கோயம்புத்தூர் போயிடுங்க, கூலி பாதிதான்" என்றார். அதில் நியாயம் இல்லாமலில்லை. ரிசர்வ் வங்கிக் கணக்குப்படி 2022-23இல் கேரள கிராமத்துக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி 852 ரூபாய். நாட்டின் சராசரி 393. கொத்தனாருக்கு அப்படியென்றால் கிளட்ச் மாற்றுகிறவர் மட்டும் இளைத்தவரா? கேரளக் கூலியில் சம்பளம் வாங்க ஆசைப்படுகிற எனக்குக் கேரளக் கூலியைக் கொடுக்கத்தான் மனசு வரவில்லை.

யோசித்துக்கொண்டே இருந்ததில் பூப்பாறையில் மனைவி வீட்டுக் கல்யாணம் வந்துவிட்டது. பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு வரை கார் சமர்த்தாக வந்தது. மறையூர் தாண்டி மூணாறுக்கு ஏறும்போது ஒரு வாசனை. "டீ ஃபேக்டரியா?" என்றாள் மனைவி. ஆமாம் என்றேன். ஃபேக்டரி எங்கள் கூடவே வந்தது. பூப்பாறைக்குக் கொஞ்சம் முன்னால் கார் உறுமியது, நகரவில்லை.

ஏலத்தோட்டத்தில் ஆளை இறக்கிவிட்டு வந்த ஜீப் ஒன்று நின்றது. டிரைவர் ஒன்றும் கேட்காமல் கயிறு கட்டி ஒர்க்‌ஷாப் வரை இழுத்துப்போட்டார். எவ்வளவு என்றேன். "அதெல்லாம் வேணாம் சார்" என்று போய்விட்டார். விலை சொன்னால் பேரம் பேசலாம், இப்படிச் சொன்னால் மனுஷன் என்னதான் செய்வது?

மெக்கானிக் போடிக்காரர், தமிழ். இனி மொழிக்குழப்பம் இல்லை. "லேபர் நாலாயிரம் சார்." நன்றாகவே புரிந்தது. கிளட்ச் செட் கீழே போடியிலிருந்து பஸ்ஸில் வரணும், பதினேழு கொண்டை ஊசி ஏறி. பாலக்காட்டில் மூவாயிரத்து ஐநூறுதான் கேட்டார்கள் என்றேன். "அப்ப அங்க கொண்டுபோங்க சார்" என்றார். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை.

அடுத்த உத்தியை எடுத்தேன். பிளேட்டை மட்டும் மாற்றினால் போதாதா? அவர் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் சாண்ட்விச் மாதிரி கிளட்ச் இருக்கிறது. அதைத் தொடணும் என்றாலே கியர்பாக்ஸை இறக்கணும். கூலி முழுக்க இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும்தான். "பிளேட்டை மட்டும் போட்டு, ஆறு மாசத்துல ரிலீஸ் பேரிங் கத்துச்சுன்னா மறுபடி இறக்கணும். மறுபடி நாலாயிரம். பிளேட்டு, பிரஷர் பிளேட்டு, பேரிங் எல்லாத்தையும் சேத்து மாத்திரணும் சார்."

எல்லாத்தையும். அதாவது ஒக்கே. பாலக்காட்டுச் சேட்டன் அன்றைக்கு இதைத்தான் இரண்டே சொல்லில் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலை சாமான் வந்தது. பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் கியர்பாக்ஸ் தரையில். எனக்குப் பகீர் என்றது. இவ்வளவு சீக்கிரமா? இந்த வேகத்தில் போனால் மணிக்கு ஆயிரத்துக்கு மேல் விழுமே! ஏற்றும்போது ஷாஃப்ட் நேராக உட்காராமல் அவரும் பையனும் காருக்கடியில் மல்லாந்து முக்கியபோதுதான் மனசு சமாதானமானது. நன்றாகக் கஷ்டப்படட்டும், அப்போதுதான் கொடுத்த காசு செரிக்கும்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் இந்த வேதனை கிடையாது. ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று அட்டவணை உண்டு. அட்டவணையில் நான்கு மணி என்றால், மெக்கானிக் மூன்றில் முடித்தாலும் நான்குக்குத்தான் பில், மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. அங்கே யாரும் பேரம் பேசுவதில்லை. ஏ.சி. அறையில் காபி கொடுத்துவிடுகிறார்கள், தவிர கியர்பாக்ஸ் இறங்குவது நம் கண்ணில் படுவதில்லை.

கேரளத்தில் நோக்குகூலி என்று ஒன்று இருந்தது. சுமையை வேறு யாராவது இறக்க, சங்கத்து ஆள் நின்று பார்த்ததற்கு வாங்கும் கூலி. 2018 மே 1 முதல் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. அன்று அந்த ஒர்க்‌ஷாப்பில் காலை முதல் மத்தியானம் வரை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருத்தன்தான். சட்டம் மட்டும் இல்லாவிட்டால் நாலாயிரத்தில் என் பங்கைக் கேட்டிருப்பேன்.

பணத்தை எண்ணிக் கொடுத்தேன். கேட்காமலே பழைய பிளேட்டைச் செய்தித்தாளில் சுற்றித் தந்தார். மேலே ஒட்டியிருந்த பட்டை ரிவெட் வரைக்கும் தேய்ந்து கருகியிருந்தது. டீ ஃபேக்டரி வாசனை.

கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது மச்சினன் வந்தான்.

"லேபர் எவ்வளவு மாமா குடுத்தீங்க?"

"ஆயிரத்து ஐநூறு."

"அதுவே ஜாஸ்தி" என்றான்.