இரண்டு லட்சமும் மிடில் கிளாஸும்

கே: நானும் கணவரும் சேர்ந்து மாதம் இரண்டு லட்சம் சம்பாதிக்கிறோம். ஃபிளாட் இ.எம்.ஐ., பள்ளிக் கட்டணம், கார் தவணை போனால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. நாங்கள் மிடில் கிளாஸ்தானே? – வாசகி, கூடுவாஞ்சேரி

ப: உங்கள் அடுக்ககத்தின் வாட்ச்மேன் எந்த கிளாஸ்?

உங்களுக்கு ஆண்டுக்கு 24 லட்சம். 2019இல் பொருளாதாரத்தில் நலிந்தோர் இட ஒதுக்கீட்டுக்கு மத்திய அரசு வைத்த வருமான வரம்பு 8 லட்சம். அதுவே மிக அதிகம் என்று வாதம் எழுந்தது. 2017இல் வீட்டுக்கடன் வட்டி மானியம் அறிவித்தபோது நடுத்தர வருமானப் பிரிவின் உச்சவரம்பு 18 லட்சம். இரண்டையும் தாண்டிவிட்டீர்கள். ‘சென்னைப் பக்கம் விலைவாசி அப்படி’ என்பீர்கள். அதே ஜி.எஸ்.டி. சாலைக் கடையில், அதே விலைக்குத்தான் வாட்ச்மேனும் எண்ணெய் வாங்குகிறார். அவர் கொடுக்கும் வாடகை திரும்பி வராது, உங்கள் இ.எம்.ஐ.யில் அசலுக்குப் போவதெல்லாம் உங்கள் பெயரில் சொத்தாகச் சேர்கிறது. செலவென்று நீங்கள் எழுதுவதில் ஒரு பங்கு சேமிப்பு.

ஆனால் உங்கள் பயம் உண்மையானது. வேலை போனாலோ, பெரிய ஆஸ்பத்திரி பில் வந்தாலோ குடும்பம் சரிந்துவிடும். அது வருமானக் குறைவல்ல, பாதுகாப்புக் குறைவு. மிடில் கிளாஸ் என்ற பெயரில் கேட்கப்படும் வரிச்சலுகை அதைத் தீர்க்காது. 2025 பட்ஜெட் 12 லட்சம் வரை வரியை நீக்கியபோது, ஏற்கெனவே வரி வரம்புக்குக் கீழே இருந்த வாட்ச்மேனுக்கு அதில் எதுவும் கிடைக்கவில்லை. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையையும் உள்ளூர் அரசுப் பள்ளியையும் நீங்களே நம்பிப் போகும் தரத்துக்கு உயர்த்தச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பட்டியலில் பள்ளிக் கட்டணம் கழியும். வாட்ச்மேன் வீட்டுப் பிள்ளைக்கும் அதே வகுப்பறை கிடைக்கும்.