சுடாத லேசர்

கேள்வி: அப்பாவின் நுரையீரல் கட்டியில் ஊசி விட்டுச் சதை எடுக்கப் போகிறார்கள். 'லேசர் வைத்துச் செய்வோம்' என்கிறார் டாக்டர். சுட்டுவிடாதா சார்?

பதில்: சுடாது. கண் ஆபரேஷன் லேசர் வேறு. இது வாத்தியார் கையிலிருக்கும் சுட்டுக்கோல் ஜாதி. வழி காட்டும், வேலை செய்யாது. (வீட்டு மாப்பிள்ளை மாதிரி என்று எழுதினால் அடிக்க வருவீர்கள்.)

முதலில் சி.டி. ஸ்கேன். எலும்பு, ரத்தக்குழாய் தவிர்த்து எந்தச் சாய்வில் ஊசி போகவேண்டும் என்று படத்தில் முடிவு செய்வார்கள். கஷ்டமே அதற்கப்புறம்தான்: திரையில் போட்ட கோட்டை ஆள்மேல் எப்படிப் போடுவது? பழைய முறையில் டாக்டரின் கண்தான் கோணமானி. லேசர் கருவி அதே சாய்வில் ஓர் ஒளிக்கோட்டைப் பாய்ச்சும். தோலில் ஒளிப்புள்ளி விழும் இடத்தில் ஊசி முனையை வைத்து, ஊசியின் பின்பக்கக் கொண்டையிலும் அதே ஒளி விழும்படி பிடித்தால் சாய்வு சரி. ஆழத்தை லேசர் சொல்லாது. அதற்கு ஸ்கேன்தான், நடுநடுவே மறுபடியும் எடுத்துப் பார்ப்பார்கள். மூச்சு விட்டால் கட்டி நகரும், லேசர் நகராது. ஆகவே 'மூச்சைப் பிடிங்க' என்றால் அப்பா பிடிக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க அவர் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா? இன்றைக்கே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.