ஒத்திசைவுக் கோப்புறையின் இருப்பிடம்: மன்னார் வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

மேகச் சேமிப்பு என்று நூலோரும் 'கிளவுட்' என்று ஏனையோரும் வழங்கும் மென்பொருள், ஒருவரின் கோப்புகளைக் கண்காணாத் தேசத்துக் கணினிகளில் காப்பதாகச் சொல்லிக்கொண்டாலும், அவற்றின் படியொன்றை அவருடைய மடிக்கணினியிலேயே ஒரு கோப்புறைக்குள் இட்டுவைத்து, இங்கே ஓர் எழுத்து மாறினால் அங்கேயும் மாறும்படி இரண்டையும் ஒத்துப்போகச் செய்கிறது. இச்செயல் ஒத்திசைவு எனப்படும். அக்கோப்புறை ஒத்திசைவுக் கோப்புறை எனப்படும். அது கணினியின் எப்பகுதியில் அமைதல் தகும் என்பதே இவ்வாய்வின் பொருள். நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியம் வகுத்திருக்கவும், மென்பொருளை நிறுவுவோர் இடம் கேட்கும் பெட்டியை வாசிக்காமலே 'நெக்ஸ்ட்' அழுத்திக் கடக்கும் வழக்கம் நிலைபெற்றுவிட்டமையால், தமிழில் இத்துறை வளராமற்போனதில் வியப்பில்லை.

ஆய்வுக்களமாக மன்னார்த் தீவும் அதன் எதிர்க்கரையும் கொள்ளப்பட்டமைக்குக் காரணம் உண்டு. மேகத்தை நம்பிப் பழகாத சனம் அது. வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் தருவதே மழை. மற்ற மாதங்களில் மேகம் வரும், தலைமன்னாருக்கு மேலே சற்று நிற்கும், இராமேசுவரத்தை நோக்கிப் போய்விடும். மேகத்தில் இருப்பதைச் சேமிப்பு என்று எண்ணாத காரணத்தினாலேயே, ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டியதாகச் சொல்லப்படும் கட்டுக்கரைக் குளத்துக்கு, அருவியாற்றைத் தேக்கத்தில் மறித்து நீர் கொணர்ந்தார்கள். அக்குளமே இத்தீவின் எதிர்க்கரையிலுள்ள மிகப் பழைய ஒத்திசைவுக் கோப்புறை என இவ்வாய்வு கொள்கிறது. வானமும் பொதுச்சொத்தன்று என்பதற்கு வேறு சான்றும் உண்டு: மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் சேமிப்புக்கு 'ஸ்கைடிரைவ்' என்று பெயரிட, 'ஸ்கை' எங்களுடையது என்று பிரித்தானியத் தொலைக்காட்சி நிறுவனமொன்று 2013இல் வழக்கு வென்றமையால், 2014இல் அது 'ஒன்டிரைவ்' ஆயிற்று.

இடம் உணர்த்தும் வேற்றுமை ஏழாவது. அதன் உருபு 'கண்'. 'மேகத்தின்கண் உள்ள கோப்பு' என்னும் தொடரில் கண் என்பது உருபோ விழியோ என்று ஐயுற இடமில்லை என்பர் ஒரு சாரார். இடமில்லாதது வட்டில் மட்டுமே என்பர் மறுசாரார் (காண்க: 'புதிய கோப்புறை', இரண்டாம் படி).

இருப்பிடங்கள் பலவகைப்படும். வலையமைப்பில் உள்ள பொதுவட்டு ஒன்று: ஒன்டிரைவ் அதை ஏற்பதில்லை. கழற்றத்தக்க வெளிவட்டு இன்னொன்று: கழற்றினால் கழன்றுவிடும். ஆப்பிள் கணினியில் தெரிவுக்குப் பெரிதும் வழியில்லாதபடி, அண்மைப் பதிப்புகள் 'லைப்ரரி' என்னும் மறைக்கப்பட்ட கோப்புறைக்குள் 'கிளவுட்ஸ்டோரேஜ்' என்றொரு மூலையை ஒதுக்கி அங்கேயே கொண்டுபோய் வைக்கின்றன. நூலகத்தை மறைத்துவைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்போருக்குச் சிரித்துக் காட்டும் பழக்கம் தமிழ் ஆய்வுலகுக்குப் புதிதன்று ஆகையால், இதனை விரிக்க வேண்டியதில்லை.

எஞ்சியவை சி டிரைவும் டி டிரைவும். இவற்றைச் சார்ந்தோர் முறையே வடகலையார், தென்கலையார் எனப்படுவர். வடகலையார், மென்பொருள் தானாகக் காட்டும் இடமே வேதம் என்பவர்கள். அந்த இடம் சி டிரைவில் 'யூசர்ஸ்' என்னும் கோப்புறைக்குள், பயனரின் பெயருக்குள், 'ஒன்டிரைவ்' என்று அமையும். பயனரின் பெயர் என்பது இங்கே ஆராயத்தக்கது. மின்னஞ்சல் கணக்கோடு விண்டோஸைத் தொடங்கினால், முகவரியின் முதல் ஐந்து எழுத்தை மட்டும் வெட்டியெடுத்து அது பெயராகச் சூட்டும். திருக்கேதீச்சரத்துக்கு அயலில் ஐந்தெழுத்து ஓதப்படுவது இயல்பே எனினும், இந்த ஐந்தெழுத்து ஒருவரின் பெயர் பாதியில் முறிந்த கோலம். அதற்கும் முன்னதாகக் கடைக்காரர் கணினியை ஆயத்தம் செய்திருந்தால் அங்கே 'அட்மின்' என்றோ 'பிசி' என்றோ இருக்கும். உரிமையாளர் தம் வாழ்நாள் முழுவதும் அந்தப் பெயரிலேயே கோப்பு எழுதுவார்.

தென்கலையாரின் மூலநூல் பட்டினத்துக் 'கொமினிக்கேசன்' கடைகளில் வாய்மொழியாக வழங்குகிறது. தட்டச்சும் நிழற்படியும் கைப்பேசிக்கு ரீலோட்டும் ஓரிடத்தில் நிகழும் கடைக்குக் கொமினிக்கேசன் என்று பெயர். அங்கே ஒரு பழுதான மடிக்கணினியைத் திறந்து, சி டிரைவின் அடியில் சிவந்து நிரம்பிய பட்டையை விரலால் தொட்டுக்காட்டி, "தம்பி, விண்டோஸ் போடேக்க சி மட்டுந்தான் அழியும், டியில கிடக்கிறது கிடக்கும்" என்று உபதேசிக்கப்படும் ஒற்றை வாக்கியத்தின்மேல் அவர்களின் தத்துவம் முழுவதும் கட்டப்பட்டுள்ளது. வாக்கியம் உண்மை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இப்பெயர்கள் வெறும் உவமைக்காக இடப்பட்டவையல்ல. தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி போன்று ஆன்மா முயலவேண்டும் என்பது வடகலை. தாய் கௌவிச் செல்லும் பூனைக்குட்டி போன்று சும்மா கிடந்தால் போதும் என்பது தென்கலை. கூகுளின் மென்பொருள் தன் அமைப்புகளில் கேட்கும் வினா இதுவே: எல்லாக் கோப்பையும் வட்டில் முழுமையாகப் பற்றிக்கொள்வதா, அன்றி 'ஜி' என்றொரு மாய வட்டைக் காட்டி, திறக்கும்போது மட்டும் கௌவி வருவதா? முன்னது மர்க்கட நியாயம், பின்னது மார்ஜார நியாயம். பூனைநெறியில் கோப்பின் பெயரும் அளவும் தெரியும், பக்கத்தில் நீலமேகக் குறி நிற்கும், உள்ளே பொருள் இராது. சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் முத்துக்குளிப்புக் காலத்தில் சிப்பிகளைத் திறக்காமலே குவித்து ஏலம் கூறியமை இதற்கு முன்னோடி. வாங்கியவர் அழுகவிட்டு, புழு தின்றபின் கழுவித்தான் உள்ளே முத்து உண்டா என்று கண்டார். இணைப்பு அறுந்த நேரத்தில் நீலமேகத்தைச் சொடுக்குபவர் நிலையும் அதுவே, நாற்றம் மட்டும் இல்லை.

இடம் இரண்டானால் பாடம் இரண்டாகும். இதனை விளக்க ஒரு கற்பனைச் சுவடி போதும். பேசாலையில் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிக்கு அழைப்பிதழ் ஒன்று எழுதப்படுகிறது எனக் கொள்க. செயலாளர் மாலை 4 மணி என்கிறார். பொருளாளர் தம் வீட்டில், அதே கோப்பில், அதே நேரத்தில் 4.30 என்கிறார். மென்பொருள் இருவரையும் மறுக்க அஞ்சி, ஒன்றின் வாலில் கணினியின் பெயரை ஒட்டி இரண்டையும் வைத்துக்கொள்கிறது. இவ்வாறு கிடைப்பது பாடபேதம். 4 மணி மூலபாடம் என்போர், வெயில் தணியாத நேரத்தைக் குறிப்பதால் அது கடினபாடம், கடினபாடமே பழமையானது என்பர் (ஒப்பிடுக: 'இறுதி', 'இறுதி திருத்தியது'). 4.30 என்போர், பிரதம விருந்தினர் எக்காலத்திலும் 4 மணிக்கு வந்ததற்கு அகச்சான்று இல்லை என்பர் ('இறுதி இதுதான்', டெஸ்க்டொப் பாடம்). இரண்டும் இடைச்செருகல், போட்டியே நடக்கவில்லை என்னும் தீவிரவாதிகளும் உளர் ('இறுதி இதுதான் தொடவேண்டாம்', டவுன்லோட்ஸ் ஏடு, மூன்றாம் படி, அதற்கு மறுப்பு 'தொட்டது', இரண்டையும் சமன்செய்யும் 'கொப்பி ஒவ் தொட்டது', ரீசைக்கிள் பின் சுவடி, தலையும் கடையும் சிதைந்தது, மீட்டவர் அழித்தவரே). சங்கப் பாடல்களில் வரும் மாந்தை, மன்னாருக்கு எதிரே உள்ள இம்மாந்தையா, சேரநாட்டுக் கரையிலிருந்த வேறொன்றா என்று எழுதியோரிலும், இரண்டு கரைக்கும் போகாதவர்களின் முடிவே மிகவும் உறுதியாக இருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

இனி வரலாற்றுச் சான்று. தேவார ஏடுகள் தில்லையில் பூட்டிய அறையொன்றில் இருந்தன என்பதும், திறந்தபோது பெரும்பகுதியைக் கறையான் தின்றிருந்தது என்பதும் வழிவழிச் செய்தி. ஒரே இடம், திறவுகோல் பிறர் கையில், ஒத்திசைவு இல்லை. ஆயினும் எஞ்சிய பதிகங்களில் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய கேதீச்சரப் பதிகங்கள் தப்பின. போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டில் மாதோட்டத்துக் கேதீச்சரக் கோயிலை அழித்தபின், கல்லும் இல்லாத காட்டில், பதிகம் பாடிய ஊர் இங்கே கிடக்கிறதே என்று 1872இல் ஆறுமுக நாவலர் சைவரை இடித்துரைக்க முடிந்தது, தொலைவில் ஒரு படி இருந்தமையால்தான். மேகத்திலிருந்து மீட்டமைத்தல் என்று மென்பொருளார் சொல்வதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அவர்களிடம் இல்லை.

தவறான இடத்தேர்வுக்கு எடுத்துக்காட்டு, பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடத் தங்கவென்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடலோர மேட்டு விளிம்பில் எழுப்பிய மாளிகை. கட்டுவதற்குமுன் அவர் ஊரின் பெயரைக் கேட்டிருக்கலாம்: அரிப்பு. கடல் அன்றுதொட்டு அரித்துக்கொண்டே இருக்கிறது. சுவர்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன. ஊரார் அதனை அல்லிராணிக் கோட்டை என்கின்றனர். கட்டியவர் ஒருவர், பெயர் இன்னொருவருக்கு. வேறிடத்தில் உள்ள பொருளை இங்கே இருப்பதாகப் பெயரால் மட்டும் காட்டும் இவ்வமைப்புக் கணினியில் குறியீட்டு இணைப்பு எனப்படும். ஒத்திசைவுக் கோப்புறைக்குள் குறியீட்டு இணைப்பை வைத்து மென்பொருளை ஏமாற்ற முயல்வோர் அரிப்புக்கு ஒருமுறை போய்வருதல் நலம்.

இடம்மாற்றும் முறை எளிது. பணிப்பட்டையில் சுழலும் அம்பு நிற்கும்வரை பொறுத்து, ஒன்டிரைவ் அமைப்புகளில் இக்கணினியின் இணைப்பைத் துண்டித்து, கோப்புறையை அப்படியே புதிய இடத்துக்கு நகர்த்தி, மறுபடி உள்நுழையும்போது இடம் கேட்கும் பெட்டியில் அதனைக் காட்டினால் போதும். துண்டித்தவுடன் முகப்புத்திரை வெறுமையாகக் கிடந்தால் அலறவேண்டியதில்லை. டெஸ்க்டொப்பே நெடுநாள் முன்னர் ஒன்டிரைவுக்குள் குடியேறிவிட்டது என்பது பொருள்.

ஆயின் எங்கே நகர்த்துவது? காஞ்சிபுரத்துக் கோயில் யானைக்கு எந்த நாமம் இடுவதென்று இரு கலையாரும் வழக்காடியது பேர்போனது. இரண்டு நாமத்துக்கும் யானை ஒன்றே. விண்டோஸ் மறுபடி நிறுவப்படும் நாளில் டி டிரைவு தப்பும் என்பது மெய். வட்டே பழுதானால் இரண்டும் ஒருசேரப் போகும் என்பதும் மெய். கடையில் பிரித்துக் கொடுத்த மடிக்கணினியில் 'டாஸ்க் மேனேஜர்' திறந்து பார்த்தால், 'டிஸ்க் 0 (சி: டி:)' என்று ஒரே வரியில் எழுதியிருக்கும்.