ஒரு வாரப் புண்ணியம்

ஹைட்டிக்கு ஒரு வாரம் உதவப் போய்வரும் தருமவான்களை இனி யாரும் குறை சொல்லக்கூடாது. 2010 ஜனவரி 12 அன்று பூமி குலுங்கியது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் நொறுங்கி, 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக அந்நாட்டு அரசு சொன்னது. இதைக் கேட்டபின் அமெரிக்கத் தேவாலயங்களும் கல்லூரிகளும் கைகட்டி உட்கார்ந்திருக்க முடியுமா? கேக் விற்றார்கள், கார் கழுவினார்கள், சித்தப்பா பெரியப்பாவுக்கெல்லாம் கடிதம் போட்டார்கள்: ஹைட்டி மக்களுக்கு உதவப் போகிறோம், நிதி தாருங்கள். தந்தார்கள். அந்த நிதியில் முதலில் கரையேறியது விமான நிறுவனம். அடுத்து, ஏசி போட்ட விருந்தினர் விடுதி. மிச்சத்தில் அங்கே சுவருக்கு அடிக்கப் பெயின்ட் டப்பா வாங்கினார்கள்.

அந்தப் பெயின்ட் அடிக்கும் திருப்பணியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளை. தன் வீட்டில் ஓர் ஆணிகூட அடித்தறியாதது. ரோலரை மேலிருந்து கீழே இழுக்கிறது, பாதி பெயின்ட் முழங்கையில் வழிகிறது. ஈரம் காய்வதற்குள் அதே சுவர் முன்னால் போட்டோ. ஐந்தடி தள்ளி உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் வேலையில்லாமல் நின்று வேடிக்கை பார்க்கிறார். சாயங்காலம் இவர்கள் வேன் ஏறியதும் திட்டுத்திட்டாக விட்டுப்போனதையெல்லாம் அவர்தான் பூசி மெழுக வேண்டும். அடுத்த வாரம் அடுத்த கோஷ்டி இறங்கும். சுவர் அதேதான், நிறம் வேறு.

ஆளுக்கு 1,500 டாலர் செலவு என்று வைத்துக்கொள்வோம். 15 பேர் கோஷ்டிக்கு 22,500 டாலர். அன்றைக்கு ஹைட்டியில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 5 டாலரை ஒட்டித்தான். இரட்டைக் கூலி கொடுத்திருந்தாலும் 2,250 நாள் வேலை அந்தக் கொத்தனாருக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் கிடைத்திருக்கும். ஆனால் கொத்தனாருக்குக் கூலி கொடுத்தால் அவர் வீட்டு அடுப்புதான் எரியும். நம் பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்தில் என்னத்தை எழுதுவது?

(வேண்டாத உதவி வந்து குவிவது நாகப்பட்டினத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பின் லாரி லாரியாக வந்திறங்கிய பழந்துணி சாலையோரம் குவிந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள்.)

'நேரில் போய்ப் பார்த்தால்தானே மனசு இளகும், இளகினால்தானே பணம் வரும்' என்பார்கள். மனசு இளகுவதற்கென்ன குறைச்சல்! நிலநடுக்கம் நடந்து மூன்றே நாளில், ராயல் கரீபியன் நிறுவனத்தின் உல்லாசக் கப்பல் ஹைட்டியின் வடகரையில் லபடீயில் வந்து நின்றது. வேலியடைத்து, துப்பாக்கிக் காவல் போட்ட தனிக் கடற்கரை. நிவாரணப் பொருளும் கொண்டுவந்தோம், இந்த வருமானத்தையும் நிவாரணத்துக்கே கொடுக்கிறோம் என்றது நிறுவனம். அதாவது, அங்கே பிணத்தை எடுத்துக்கொண்டிருக்கும்போது இங்கே நீங்கள் நீந்தினாலே போதும், தர்மம் நடந்துவிடும்.

பணமும் வரத்தான் செய்தது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு மட்டும் ஏறக்குறைய 50 கோடி டாலர். 2015இல் புரோபப்ளிகா செய்தி நிறுவனமும் என்பிஆர் வானொலியும் தோண்டிப் பார்த்தபோது, சங்கம் கட்டி முடித்திருந்த நிரந்தர வீடுகள் 6. ஆறாயிரமில்லை, ஆறு. சங்கமோ 1,30,000 பேருக்கு வீடு தந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கில், சொந்த வீட்டை எப்படிப் பழுதுபார்ப்பது என்ற பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து எழுந்தவர்களும் அடக்கம். பந்தியைப் பற்றிப் பேச்சுக் கேட்டவனையெல்லாம் சாப்பிட்டவன் கணக்கில் எழுதும் கல்யாண வீட்டை எங்காவது பார்த்ததுண்டா?

சுவரைவிட நன்றாக விலைபோகும் சரக்கு ஒன்று உண்டு. குழந்தை. நிலநடுக்கம் நடந்த அதே 2010 ஜனவரியில், 29ஆம் தேதி, ஐடஹோ மாநிலத்திலிருந்து வந்த பாப்டிஸ்ட் கோஷ்டி உட்பட 10 அமெரிக்கர்கள், 33 குழந்தைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு டொமினிக்கன் குடியரசுக்குப் போகும் வழியில் பிடிபட்டார்கள். உரிய தாள் எதுவும் கையில் இல்லை. அனாதைகள் என்றார்கள். விசாரித்தால், பலருக்குப் பெற்றவர்கள் உயிரோடு இருந்தார்கள். கடத்தல் வழக்கு கடைசியில் கைவிடப்பட்டது. தலைமை தாங்கிய பெண்ணுக்கு மட்டும், சிறையில் கிடந்த நாட்களே தண்டனையாயிற்று. புளோரிடாவில் புயலடித்த மறுவாரம் ஒரு ஹைட்டிக்காரர் 33 வெள்ளைக்காரக் குழந்தைகளை வேனில் அள்ளிப்போட்டுக்கொண்டு எல்லைக்குப் போயிருந்தால் இவ்வளவு சுளுவாக விட்டிருப்பீர்களா, பாவிகளா?

லூமோஸ் என்ற குழந்தைகள் நல அமைப்பு 2017இல் போட்ட கணக்குப்படி ஹைட்டியின் அனாதை இல்லங்களில் சுமார் 30,000 குழந்தைகள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெற்றவர் ஒருவராவது இருக்கிறார். அன்றைக்கு வெளிநாட்டிலிருந்து ஆண்டுக்கு 7 கோடி டாலராவது இந்த இல்லங்களுக்குப் போனது. பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத தாய் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறாள். கட்டணத்தைத் தாய் கையில் கொடுத்திருந்தால் பிள்ளை வீட்டில் இருந்திருக்கும். ஆனால் வீட்டிலிருக்கும் பிள்ளையை யார் போய் மடியில் வைத்துக் கொஞ்சுவது? இல்லத்தில் இருந்தால் ஒரு வாரம் ஆசைதீரக் கொஞ்சலாம், கண்ணைத் துடைத்துக்கொண்டு விமானம் ஏறலாம். பிள்ளை அடுத்த கோஷ்டியின் மடிக்குத் தயாராகும்.

2024 நவம்பரில் போர்ட்-ஓ-பிரின்ஸில் அமெரிக்கப் பயணிகள் விமானங்கள் மீது ஆயுதக் கும்பல்கள் சுட்டன. அமெரிக்கா தன் விமானங்கள் அங்கே பறக்கத் தடை போட்டது. கும்பல்களின் வன்முறையால் வீடிழந்து அலைபவர்கள் 2025 நிலவரப்படி 10 லட்சத்துக்கும் மேல்; பலர் பள்ளிக்கூட அறைகளில் படுத்துக் கிடக்கிறார்கள். உதவிக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் கிடைக்காதுதான். ஆனால் தலைநகருக்கு நேரடி அமெரிக்க விமானம் இல்லையே! வேறு நாடு பார்த்தால் போயிற்று. டீ-ஷர்ட்டில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி அச்சடிக்கச் சொல்லுங்கள். 'நம்பிக்கை' என்ற எழுத்து அப்படியே இருக்கட்டும், பிளாக் செலவு மிச்சம்.