பனையும் பனியும்: ஓர் ஒற்றைப்பிட் ஆராய்ச்சி

முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை: பாலக்காடு டெக்கருக்குள் போகும், இடுக்கி போகாது.

டெக்கர் என்பது ஜான் எர்னஸ்ட் 2022இல் வெளியிட்ட மென்பொருள். படம், எழுத்து, ஒலி, பொத்தான் எல்லாவற்றையும் அட்டை அட்டையாக அடுக்கிக் கதையோ விளையாட்டோ செய்யலாம். 1987இல் ஆப்பிளுக்காக பில் அட்கின்சன் உருவாக்கிய ஹைப்பர்கார்டின் சாயல் அப்படியே இருக்கும். அட்டை 512க்கு 342. ஆக 1,75,104 புள்ளிகள். ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை. வண்ணமும் உண்டு, ஆனால் ஆய்வின் கண்ணியம் கருதி அது இங்கே கண்டுகொள்ளப்படவில்லை.

இனி கள ஆய்வு. பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் உச்சிவெயிலில் நிற்கும் பனையைப் படம்பிடித்து உள்ளே இறக்கினால் தண்டு கறுப்பு, வானம் வெள்ளை. பனைக்கு நடுநிலை என்ற பழக்கமே இல்லை.

இடுக்கியின் மூணாற்றில்தான் சங்கடம். அங்கே பேர்போனவை இரண்டு: மூடுபனி, யானை. இரண்டுமே சாம்பல் நிறம். கறுப்புப் புள்ளிகளைத் தூவிச் சாம்பல்போல் காட்டி ஏமாற்றுவதற்கு டிதரிங் என்று பெயர். அட்கின்சன் வகுத்த முறையில் ஒரு புள்ளியைக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ தள்ளும்போது மிஞ்சும் பிழையை எட்டுப் பங்காக்கி, அக்கம்பக்கத்து ஆறு புள்ளிகளுக்கு ஆளுக்கொரு பங்கு கொடுப்பார்கள். மீதி இரண்டு பங்கு? யாருக்கும் இல்லை. 1976இல் வந்த ஃபிளாய்ட்–ஸ்டைன்பெர்க் முறை பைசா பாக்கியில்லாமல் பங்கிடும். அட்கின்சன் முறை கால்வாசியை விட்டுவிடுகிறது. அதனால் படம் பளிச்சென்று வரும், வெளிறிய சாம்பல் மட்டும் வெள்ளையோடு வெள்ளையாகப் போய்விடும். கொழுந்து பறிப்பவர்கள் வெயில் ஏறும்வரை காத்திருந்து பார்க்கும் பனிக்கலைவை இந்தக் கணக்கு நொடியில் முடித்துவிடுகிறது.

யானைக்கு வேறு வழி உண்டு: படம்பிடிக்காமல் புள்ளி புள்ளியாக வரைவது. மூணாற்றுத் தோட்டங்களில் உலவும், ரஜினி படத்தின் பெயரைத் தாங்கிய படையப்பாவுக்கு 32க்கு 32 கட்டம் போதும்; கொம்பை வெள்ளையாக விட்டால் ஆள் தெரிந்துவிடும். பெரிதாக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். இரு மடங்கு, மும்மடங்கு சரி. ஒன்றரை மடங்கு என்றால் ஒரு புள்ளி ஒன்றாகவும் அடுத்தது இரண்டாகவும் வீங்கி, யானைக்கு யானைக்கால் வந்துவிடும். ஜிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் இடைச்செருகலை ‘எதுவுமில்லை’ என்று வைத்துப் பெரிதாக்கி, ஜேபெக் பக்கம் போகாமல் பிஎன்ஜியாகச் சேமிக்க வேண்டும். ஜேபெக் ஓரங்களில் அழுக்கைப் பூசிவிடும்.

புள்ளி தப்பினால் என்ன ஆகும் என்பதை வாசலில் கோலம் போடுபவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974லேயே கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதிக் கட்டுரை வெளியிட்டார்கள். அது நிஜ ஆராய்ச்சி. இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மூடுபனி மட்டும் பாக்கி. அதற்கு இறக்குமதியே வேண்டாம் என்பது ஆய்வாளரின் பரிந்துரை. புது அட்டை ஒன்றைத் திறந்து, எதுவும் வரையாமல், அடியில் ‘மூணாறு, காலை ஆறு மணி’ என்று தட்டச்சு செய்தால் போதும்.